வட்டத்தில் சொல்லாமல் விட்டது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. றிசீவரை அம்மாவிடம் நீட்டிவிட்டு, நீங்கள் கதைத்து முடிக்கும்வரை குசினிக்குள் நின்று, கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால் மறந்துபோய்விட்டேன் என்று சொல்லித் தப்பியிருப்பேன். உன்னிடம் அது எடுபடாது. வருகிற திங்கட்கிழமைக்குள் நீ பிரின்சிப்பலுக்கு முடிவு சொல்லவேண்டும் என்றாய். தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது. ஆனபடியால் நானே மிசிசாகாவுக்குக் கொண்டுவந்து உன் தபால்பெட்டிக்குள் போடப்போகிறேன். மேலே ஏறி வரமாட்டேன். நீ வாசிக்கும்போது நான் பக்கத்தில் நிற்பது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். படிப்பிக்கத் தொடங்கி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. அதற்குள் உன் வகுப்பில் ஒரு பொடியன் இன்னொருவனை லொக்கரோடு சேர்த்து அடித்துப் பல்லை உடைத்துவிட்டான். கை நீட்டினவனை உடனே வெளியே அனுப்பவேண்டும் என்று பாதி ஆசிரியர்கள் நிற்கிறார்கள். எல்லாரையும் வட்டமாக இருத்திக் கதைக்க வைப்போம் என்று மற்றப் பாதி. உன் வகுப்புப் பிள்ளைகள், நீ சொல்வதைச் செய்கிறேன் என்று பிரின்சிப்பல் உன் தலையில் கட்டிவிட்டார். அனுப்பினால் அடித்தவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவே மாட்டான் என்று நீ பயப்படுகிறாய். அனுப்பாவிட்டால் அடிபட்டவன் நாளைக்கும் அதே லொக்கருக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். "அப்பா, நீங்களும் ஒருக்கா அப்பிடி ஒரு வட்டத்தில இருந்தனீங்கள்தானே, என்ன செய்யலாம்?" என்று கேட்டாய். சாதாரணமாகத்தான் கேட்டாய்.

என்னைப்பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பஸ் பிந்தினால் வரும், சோறு குழைந்தால் வரும், சூப்பர்வைசர் என் பெயரைப் பாதியில் கடித்துத் துப்பினால் வரும். உன் றிப்போட்டில் ஒரு பாடத்துக்குக் குறைந்துவிட்டால் பக்கத்து அப்பார்ட்மென்ற்காரர் சுவரில் தட்டுமளவுக்கு வரும். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உரியுங்கள் என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிற பரம்பரையில் வந்தவன் நான். பள்ளிக்கூடத்து ஒழுங்கு என்றால் எனக்குப் பிரம்புதான். அப்படிப்பட்டவன், தன் பிள்ளையின் கையை ஒருவன் முறித்தபோது பச்சைத் தண்ணீராய் நின்றான். அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்தை நீ கேட்டதில்லை.

யோகண்ணையை நீ எப்போதும் என் சிநேகிதர் என்றுதான் நினைத்தாய். அவர் சிநேகிதருக்கு மேலே. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் நின்ற ஒரே முகம் அவருடையது. வெக்ஸ்போர்டில் அவர் வீட்டில் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற்றில்தான் முதலில் குடியிருந்தோம். பிளாஸ்ரிக் கொம்பனியில் எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எனக்காக ஆங்கிலம் பேசினதும் அவர்தான். பிறகு நாங்கள் தனியாக அப்பார்ட்மென்ற் எடுத்துப் போனோம். ஆனாலும் அவர் முன்னால் இருக்கும்போது என் முதுகு தானாகவே கொஞ்சம் வளையும். அவர் சொன்னதற்கு ஓம் என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் வராது. அதை நான் நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் கஜன் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "பேஸ்மென்ற்" என்றே கூப்பிட்டு வந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பனி கரையத் தொடங்கின நேரம். நீ பதினோராம் வகுப்பு. வேலைக்கு ரெலிபோன் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உன் வலது கையில் பிளாஸ்ரர் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரில் வரும்போது நீ எல்லாம் சொன்னாய். கஜன் படியில் வைத்துத் தள்ளினான், விழுந்த பிறகு கையில் ஏறி மிதித்தான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சொல்லிக்கொண்டு வர நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, யோகண்ணைக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. சனிக்கிழமை அவர்களே வந்தார்கள். யோகண்ணை, அவருடைய மனைவி, பின்னால் கஜன். வாழைப்பழமும் பிஸ்கற் ரின்னும் கொண்டுவந்தார்கள். உன்னை அறைக்குள் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். எங்கள் ஊர்களில் இப்படித்தான், பிள்ளைகளின் சண்டையைப் பெரியவர்கள் பேசித் தீர்ப்போம். பிள்ளை உள்ளே இருக்கும். யோகண்ணை குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"பொடியள் விளையாட்டில செய்தது. பள்ளிக்கூடம் பொலிசைக் கூப்பிட்டால் ரெண்டு குடும்பத்துக்கும் கரைச்சல். உம்மட அகதிப் பேப்பரும் இன்னும் வரேல்லை. எங்கட ஆக்களுக்குள்ளேயே முடிப்பம். படியில தவறி விழுந்ததெண்டு சொன்னால் சரி."

நான் ஓம் என்றேன். அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொன்னேன். பிறகு கதவைத் திறந்து உன்னைக் கூப்பிட்டு, கஜனுக்குக் கை கொடு என்றேன். உன் வலது கை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீ என்னையே பார்த்தாய். நான், "மற்றக் கையைக் குடன்" என்றேன். நீ இடது கையைக் கொடுத்தாய். எல்லாரும் சிரித்தோம். யோகண்ணை உன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குள் எழுந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் நம்பவில்லை. படியில் விழுந்தவனுக்குக் கையில் சப்பாத்துத் தடம் எப்படி வரும் என்று வைஸ் பிரின்சிப்பல் கேட்டார். அப்போதுதான் கண்டிப்பான புதுச் சட்டம் வந்திருந்தது. கஜனை வெளியேற்றிப் பொலிசில் கொடுக்கப் போகிறார்கள் என்ற கதை பரவியது. யோகண்ணை ரெலிபோனுக்கு மேல் ரெலிபோன் எடுத்தார். அந்த நேரத்தில்தான் டோரீன் உள்ளே வந்தா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலை, ஒஜிப்வே என்கிற பூர்வகுடி இனத்துப் பெண். உயரமான, கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிற ஆள். தங்கள் சனத்துக்குள் ஒருவன் இன்னொருவனுக்குத் தீங்கு செய்தால், எல்லாரும் வட்டமாக இருந்து, என்ன நடந்தது, யாருக்கு நொந்தது, அதைச் சரிப்படுத்த என்ன செய்யவேண்டும் என்று பேசுவார்கள். வெளியேற்றுவதற்கு முன் அதை ஒருதரம் செய்து பார்க்கலாம் என்று வைஸ் பிரின்சிப்பலிடம் கேட்டிருக்கிறா. எல்லாரும் விரும்பி வந்தால் மட்டும்தான் நடக்கும் என்றும் சொன்னா.

எனக்குப் பெரிய சந்தோஷம். இதைத்தானே நாங்களும் காலங்காலமாகச் செய்கிறோம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் இன்னொருதரம் நடத்திக் காட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்று யோகண்ணையும் நானும் கணக்குப் போட்டோம். ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. டோரீன் முன்கூட்டியே உன்னைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்றா. பெற்ற தகப்பன் நான் இருக்க, பிள்ளையோடு தனியாக என்ன கதை? ஆனாலும் விட்டேன். வட்டத்தன்று காலையில் காருக்குள் வைத்து உனக்குத் திரும்பவும் சொல்லித் தந்தேன்: தவறி விழுந்தேன், கஜன் என் சிநேகிதன், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். அம்மா பின் சீற்றில் இருந்து கைப்பையைத் திறந்து திறந்து மூடினா.

நூலகத்துக்குப் பக்கத்து அறையில் கதிரைகள் போட்டிருந்தன, நடுவில் மேசை இல்லை. டோரீன் ஒரு போத்தலைத் திறந்து உலர்ந்த இலைகளை மணக்கத் தந்தா. வழக்கமாக அதைக் கொளுத்திப் புகைகாட்டுவோம், இங்கே நெருப்பு அலாரம் அடித்துவிடும் என்று சொல்லிச் சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னா. தன் தாயைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய், சொந்த மொழி பேசினதற்காக அடித்த இடமும் ஒரு பள்ளிக்கூடம்தானாம். அதனால் தன் சனத்தின் இந்த வழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரத் தனக்கு அரைமனம்தான், இரவலாகத்தான் தருகிறேன், இதற்குள் இருந்துகொண்டு ஒருவரும் பொய் சொல்லவேண்டாம் என்றா. ஏரிக்கரையில் எடுத்த ஒரு கல்லைக் காட்டி, இது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், பேச விருப்பமில்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றா. தமிழிலும் பேசலாம், மொழிபெயர்க்க ஒரு பிள்ளை வந்திருந்தது.

கல் கஜனிடம் போனது. விளையாட்டாகத் தள்ளுப்பட்டதாகச் சொன்னான். யோகண்ணை, நாங்கள் ஒரே குடும்பம் மாதிரி, இதைப் பெரிதாக எடுக்கவேண்டாம் என்றார். அவருடைய மனைவி கல்லை அப்படியே உன்னிடம் தந்தா. நீ அதை இடது கையில் வாங்கினாய், வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தாய். நான் தொண்டையைச் செருமினேன். டோரீன் என்னைப் பார்க்காமலே கையை மட்டும் லேசாக உயர்த்தினா. நீ பேசத் தொடங்கினபோது எனக்கும் அம்மாவுக்கும் விளங்கவேண்டும் என்று தமிழில் பேசினாய்.

"நான் தவறி விழேல்லை. உவன் தள்ளினவன். விழுந்தாப்பிறகு கையில மிதிச்சவன். ரெண்டு வருஷமா என்னை பேஸ்மென்ற் எண்டுதான் கூப்பிடுறவன். அது நொந்ததுதான். ஆனா அண்டைக்கு எங்கட வீட்டில அப்பா கதவைத் திறந்து, மற்றக் கையைக் குடன் எண்டாரே. அதுக்குப் பிறகு எனக்கு வீட்டுக்குப் போகவே விருப்பமில்லை."

மொழிபெயர்க்கிற பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னது. நான் எழும்பப் பார்த்தேன். யோகண்ணை முன்னால், வெள்ளைக்காரன் முன்னால், என் பிள்ளை என்னை இப்படிச் சொல்லிவிட்டானே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதுகூட என் கோபம் உன்மேல்தான் தம்பி. கஜன்மேல் வரவில்லை, உன்மேல் வந்தது. கல் அம்மாவிடம் போனது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி ஊத்தினது நான்தான். ஊத்தேக்க அழுதனான். ஒருத்தரும் பாக்கேல்லை" என்றா. அவ்வளவுதான். பிறகு என்னிடம் நீட்டினா.

அந்தக் கல் எல்லாருடைய கைச்சூட்டையும் வாங்கியிருந்தது. யோகண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அதை வைஸ் பிரின்சிப்பலிடம் கொடுத்துவிட்டேன். ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில் கஜன் உடைந்துபோனான். மிதித்தது தான்தான் என்று சொன்னான். சரிப்படுத்த என்ன செய்யவேண்டும் என்று டோரீன் கேட்டபோது, உன் கை ஆறும்வரை பக்கத்தில் இருந்து பாடங்களை எழுதித் தருகிறேன் என்றான். எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. நீ மட்டும் வேண்டாம் என்றாய். அவன் உன் பக்கத்தில் இருப்பதை நீ விரும்பவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களுக்கு முன்னால், அதே படியில் நின்று, செய்ததை அவன் சொல்லவேண்டும் என்றாய். டோரீன் உன்னை மன்னிக்கச் சொல்லி ஒருதரமும் கேட்கவில்லை. கஜன் ஓம் என்றான், அடுத்த நாளே செய்தான். வேறு யாரிடமிருந்தாவது ஏதாவது வேண்டுமா என்று டோரீன் உன்னைக் கேட்டா. நீ சொன்னாய்.

"அப்பா எனக்காக ஒருக்கா கோவப்படவேணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எதற்கெல்லாமோ வருகிற சனியன் அன்றைக்கு வரவில்லை. சரி, நேரமாகிவிட்டது, வேலைக்குப் போகவேண்டும் என்று ஏதோ சொல்லி எழும்பினேன். நீ அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை. படித்தாய், வேலை எடுத்தாய், வீட்டை விட்டுப் போனாய், ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுக்கிறாய். கேட்பது மட்டும் இல்லை. போன ஞாயிறுதான் முதன்முதலாகக் கேட்டாய்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். அந்த வட்டத்தைப் பெரிய மருந்து என்று நினைத்துவிடாதே. கதிரையை வட்டமாகப் போட்டால் நியாயம் தானாக நடுவில் வந்து உட்காராது. எங்கள் வீட்டு ஹோலிலும் நாங்கள் வட்டமாகத்தான் இருந்தோம். அடிபட்டவன் அறைக்குள் இருந்தான், அதுதான் வித்தியாசம். அடிபட்ட பொடியனின் தகப்பன் வந்து, "பரவாயில்லை சேர், விட்டிடுங்கோ, பிரச்சினை வேண்டாம்" என்று சொன்னதாகச் சொன்னாய். கராஜ் வைத்திருக்கிற மனிசன், எங்கள் ஊர்ப்பக்கத்து முஸ்லிம் குடும்பம், தொண்ணூறாம் ஆண்டு எங்கள் இயக்க ஆட்கள் முஸ்லிம்கள் என்பதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய குடும்பங்களில் ஒன்று. அந்தச் செய்தி வந்த நேரம் இங்கே யோகண்ணை வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தோம். ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தமிழனான ஒரு வாத்தியாருக்கு முன்னால் அந்த மனிசன் ஏன் பரவாயில்லை என்கிறார் என்று நீ யோசிக்கவேண்டும். என்னைப்போலச் சிரித்துத் தலையாட்டுகிற தகப்பனை நம்பாதே. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். அவன் வட்டம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பிரின்சிப்பல் முகத்தைச் சுளித்தாலும் சரி. அவன் வருகிறேன் என்றால், தகப்பனுக்கு முன்னால் அவன் பயமில்லாமல் பேச வழி செய். அடித்தவனை அனுப்புவதா வைத்திருப்பதா என்பது அதற்குப் பிறகு உனக்கே தெரியும்.

உன் ரெலிபோனுக்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பிறம்ரனுக்குக் கார் ஓட்டிப் போனேன். யோகண்ணை இப்போது அங்கே பெரிய வீட்டில் இருக்கிறார், உடம்பு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. கஜன் ட்ரக் ஓட்டுகிறான், அன்றைக்கு வீட்டில்தான் நின்றான். அவர் வழக்கம்போல வாரும், இரும் என்றார். நான் இருக்கவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போன நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"உங்கட மகன் என்ர பிள்ளையின்ர கையை மிதிச்சு முறிச்சவன். நீங்கள் என்ர பேப்பரைக் காட்டி என்ர வாயைப் பொத்தினீங்கள். நான் அதுக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டன். எனக்கு அது சம்மதமில்லை, யோகண்ணை. அண்டைக்கும் சம்மதமில்லை."

இவ்வளவு செய்தும் இதுதானோ என்று யோகண்ணை கேட்டார். அவர் செய்ததெல்லாம் உண்மை, அதையும் சொன்னேன், ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றும் சொன்னேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தா. தன் மகளின் கலியாணத்துக்கு வரவேண்டாம் என்றார் யோகண்ணை. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆத்திரத்தில் பிழையான சாவியைக் கார்க் கதவில் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். கஜன் பின்னால் வந்து சாவியை வாங்கித் திறந்துவிட்டான். சண்டைக்கு வருகிறானோ என்று நினைத்தேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் அவனிட்ட அப்பவே சொல்லிட்டன் அங்கிள். எல்லாருக்கும் முன்னால நிண்டு சொன்னனான். நீங்களும் எங்கட அப்பாவும்தான் மிச்சம்" என்றான்.

திரும்பி வரும்போது ஹைவேயில் எங்கேயோ ஓரமாக நிறுத்தி அழுதேன். அம்மாவுக்குச் சொன்னேன். அவ பக்கத்தில் வந்து இருந்தா. யோகண்ணை இனி என் முகத்தில் முழிக்கமாட்டார், கொம்பனியில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கோபம் இன்னும் இறங்கவில்லை தம்பி. உனக்காக வந்த கோபம் இது. உனக்குக் கை முறிந்த அன்றைக்கே வந்திருக்கவேண்டியது.

அப்பா